கற்றவன் கெட்டால்: சித்திரக் கதை விஞ்ஞானி லூதர்

படித்தவன் தவறு செய்யமாட்டான் என்று நம்புவது நம் மக்களின் பழைய வழக்கம். படிக்காதவன் பிழை செய்தால், "பாவம், அறியாமல் செய்துவிட்டான்" என்று மன்னிக்கிறோம். படித்தவன் அதே பிழையைச் செய்தால், "இவ்வளவு படித்துமா!" என்று திகைத்து நிற்கிறோம். அந்தத் திகைப்பில் வருத்தமும் உண்டு, அச்சமும் உண்டு. கல்வி தந்த வல்லமை முழுவதும் தீய எண்ணத்துக்குத் துணை போய்விடுமே என்ற அச்சம் அது. இராவணன் வேதம் கற்றவன், இசையில் வல்லவன் என்று சொல்லிய பிறகே அவன் வீழ்ச்சியை நம் பாட்டிமார் நமக்குச் சொன்னார்கள்.

சென்ற நூற்றாண்டில் அமெரிக்க நாட்டுச் சித்திரக் கதைகள் இதே அச்சத்துக்குப் புதியதோர் உருவம் கொடுத்தன. அந்த உருவத்தின் பெயர் லெக்ஸ் லூதர். சூப்பர்மேன் என்னும் மாவீரனுக்கு நிரந்தரப் பகைவனாக அமைந்தவன் இவன். பறக்கும் ஆற்றலோ இரும்பு உடலோ இவனுக்கு இல்லை. நம்மைப் போன்ற மனிதப் பிறவியே. இவனது ஆயுதம் விஞ்ஞான அறிவு ஒன்றுதான்.

சிறுவர்கள் படிக்கும் படக்கதையைப் பற்றிக் குடும்பத்தார் அனைவரும் படிக்கும் மாத இதழில் என்ன பேச்சு என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. ஊரை விட்டு வந்த நம்மில் பலருக்கு இங்கே நிலமில்லை, புலமில்லை. பிள்ளைகளுக்கு நாம் வைத்துப் போகக்கூடிய சொத்து கல்வி ஒன்றே. அதனால் "படி, படி" என்ற சொல் நம் வீடுகளில் காலையும் மாலையும் ஒலிக்கிறது. படித்தபின் எவ்வாறு வாழவேண்டும் என்ற பேச்சு அந்த அளவுக்கு ஒலிப்பதில்லை. கல்வியைப் பற்றிப் பாடவந்த வள்ளுவப் பெருந்தகை முதற் குறளிலேயே கற்பதையும் கற்றபடி நடப்பதையும் பிரிக்காமல் சேர்த்து வைத்தார். நாமோ முன்பாதியைப் பிடித்துக்கொண்டு பின்பாதியை நழுவவிடுகிறோம்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை. கதையைப் பற்றிப் பேசலாம் அல்லவா?

குடியேறியவர்களின் பிள்ளைகள்

லூதரை அறிய விரும்புவோர் அவனைப் படைத்தவர்களை முதலில் அறியவேண்டும். ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் ஆகிய இருவரும் 1914-ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரின் கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் அவர்கள் நண்பரானார்கள். சீகல் கதை எழுதுவார், ஷஸ்டர் படம் வரைவார். 1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. வேலையிழந்தோர் இலவச ரொட்டிக்காக வீதிகளில் வரிசையில் நின்றனர்.

1933-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்விருவரும் தாமே வெளியிட்ட சிறு இதழில் 'அதிமனிதனின் ஆட்சி' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கதை வந்தது. ஸ்மாலி என்னும் பேராசிரியர் ரொட்டி வரிசைக்குச் செல்கிறார். அங்கே பசியோடு நிற்கும் பில் டன் என்பவனை, நல்ல உணவும் புதிய உடையும் தருவதாகச் சொல்லி அழைத்து வருகிறார். விண்கல்லிலிருந்து எடுத்த ஒரு பொருளால் ஆன மருந்தை அவனுக்கே தெரியாமல் அவன் உணவில் கலந்துவிடுகிறார். அவனுக்குப் பிறர் மனத்தை அறியும் ஆற்றல் வருகிறது. ஆற்றல் வந்ததும் பேராசை வருகிறது. பேராசிரியரையே கொன்றுவிட்டு உலகை ஆளத் துடிக்கிறான். ஆனால் மருந்தின் வேகம் தணிகிறது; மருந்து செய்யும் முறை செத்தவரோடு போய்விட்டது. பழையபடி அவன் ரொட்டி வரிசைக்கே திரும்புகிறான்.

சூப்பர்மேன் என்ற பெயரை இவ்விருவரும் முதன்முதலில் சூட்டியது ஒரு தீயவனுக்கு என்பதைப் பலர் அறியார். அவனைத் தீயவனாக்கியவர் யார்? பசித்த மனிதனைச் சோதனைப் பொருளாகக் கண்ட ஒரு படித்தவர்! லூதரின் விதை இந்தப் பேராசிரியரிடமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் நண்பர்கள் இருவரும் கதையைத் தலைகீழாக மாற்றினார்கள். ஆற்றல் பெற்றவன் எளியோரைக் காக்கும் நல்லவனானான். 1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் இன்று உலகமறிந்த சூப்பர்மேன் தோன்றினான். அந்தப் பாத்திரத்தின் முழு உரிமையையும் அவர்கள் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

செம்மயிர் விஞ்ஞானி

மலையையே பெயர்க்கும் வீரனுக்குச் சாதாரணத் திருடர்கள் எம்மாத்திரம்? உடல் வலிமையில் அவனை யாரும் வெல்ல முடியாதாகையால், மூளை வலிமை உள்ள பகைவன் தேவைப்பட்டான். 1939-இல் 'அல்ட்ரா ஹியூமனைட்' என்னும் வழுக்கைத் தலை விஞ்ஞானி வந்தான். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே உலகை அடிமைப்படுத்தத் திட்டமிட்டவன் அவன். 1940 ஏப்ரல் தேதியிட்ட 'ஆக்ஷன் காமிக்ஸ்' 23-ஆம் இதழில் லூதர் வந்தான்.

அந்த முதற் கதை ஆராயத்தக்கது. கலோனியா, டோரான் என்னும் இரண்டு கற்பனை நாடுகளுக்கிடையே போர் மூள்கிறது. ஒரு நாட்டை மற்றொரு நாட்டின்மீது ஏவிவிட்டு, இரண்டும் அழிந்தபின் உலகுக்குத் தானே தலைவனாவது லூதரின் எண்ணம். வானில் மிதக்கும் கப்பலில் தொங்கும் நகரத்திலிருந்து அவன் இதை நடத்துகிறான். ஐரோப்பாவில் 1939 செப்டம்பரில் உண்மைப் போர் தொடங்கிவிட்ட சமயம் அது. யார் தூண்டி இவ்வளவு பேர் சாகிறார்கள் என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தபோது, படக்கதை தன் எளிய வழியில் ஒரு விடை கூறிற்று: திரைக்குப் பின்னால் ஓர் அறிவாளி இருக்கிறான் என்று.

அந்தக் கதையில் லூதருக்குச் செம்பட்டை மயிர் தலை நிறைய இருந்தது. 1941-இல் நாளிதழ்ப் படக்கதை வரைந்த ஓவியர் அவனை வழுக்கையாக வரைந்தார். வேறொரு பாத்திரத்தோடு குழப்பிக்கொண்டதால் வந்த பிழை என்பார்கள். பிழையே நிலைத்துவிட்டது. அன்று முதல் வழுக்கைத் தலையே லூதரின் அடையாளமாயிற்று.

அணுகுண்டும் அரசாங்கமும்

லூதரைப் பற்றிய செய்திகளில் வியப்பானது ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அவன் அணுகுண்டைக் கொண்டு சூப்பர்மேனைத் தாக்குவதாக ஒரு கதை தயாராயிற்று. உண்மையிலேயே அணுகுண்டு இரகசியமாக உருவாகிவந்த நேரம் அது. அமெரிக்கப் போர்த் துறை தலையிட்டது. கதை நிறுத்தி வைக்கப்பட்டது. ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் 1945 ஆகஸ்டில் அழிந்த பிறகே, 1946 ஜனவரி-பிப்ரவரி இதழில் அது வெளிவந்தது. நாளிதழ்த் தொடரிலும், ஒரு பேராசிரியர் அணுவைத் தாக்கும் யந்திரமாகிய சைக்ளோட்ரானைச் சூப்பர்மேன்மீது பாய்ச்சும் கதை 1945 ஏப்ரலில் ஓடியபோது, அதே துறை ஆட்சேபித்தது.

கதாசிரியர்களுக்கு இரகசியம் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அக்காலத்து விஞ்ஞானக் கதைகளில் அணுகுண்டு பேச்சு ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருந்தது. எனினும், கெட்ட விஞ்ஞானி ஒருவன் செய்வதாக எழுதிய செயல், நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகள் அரசாங்கச் செலவில் செய்துகொண்டிருந்த செயலோடு ஒத்துப்போயிற்று என்பதை எண்ணும்போது மனம் சற்றுத் துணுக்குறுகிறது.

தீப்பற்றிய ஆய்வுக்கூடம்

இருபது ஆண்டுகள் வரை லூதர் ஏன் கெட்டவன் என்று யாரும் கேட்கவில்லை. பிறவியிலேயே பாம்புக்கு நஞ்சு இருப்பதுபோல அவனுக்கும் தீமை இருந்தது, அவ்வளவே. 1960 ஏப்ரல் தேதியிட்ட 'அட்வெஞ்சர் காமிக்ஸ்' 271-ஆம் இதழில்தான் அவனுடைய இளமைக் கதை வந்தது. என் கருத்தில், லூதர் கதைகளுள் உயிர்நாடி இதுவே.

சிறுவன் லெக்ஸ், ஸ்மால்வில் என்னும் சிற்றூரில் வாழ்கிறான். அதே ஊரில் வளரும் இளம் சூப்பர்மேன்மீது அவனுக்கு அளவற்ற பற்று. ஒருநாள் கிரிப்டனைட் என்னும் நச்சுக் கல்லால் உயிர் போகும் நிலையிலிருந்த வீரனை லெக்ஸ் காப்பாற்றுகிறான். நன்றியாக வீரன் அவனுக்கு ஓர் ஆய்வுக்கூடமே கட்டித் தருகிறான். அங்கே லெக்ஸ் இரவு பகலாக உழைத்து, உயிரற்ற பொருளிலிருந்து உயிருள்ள ஒன்றைப் படைத்துவிடுகிறான். நண்பனை வாட்டும் நச்சுக்கு மாற்று மருந்து காணவும் முயல்கிறான். அந்த மகிழ்ச்சியின் உச்சத்தில் ஒரு குப்பி கவிழ்ந்து தீப்பற்றுகிறது. தொலைவிலிருந்து கண்ட நண்பன் விரைந்து வந்து, தன் பெருமூச்சால் தீயை ஊதி அணைக்கிறான். அந்த வேகத்தில் இரசாயனங்கள் சிதறிப் புகை எழுகிறது. லெக்ஸின் தலைமயிர் முழுவதும் உதிர்கிறது. அவன் படைத்த உயிரும் அழிகிறது.

நண்பன் வந்தது உயிரைக் காக்க. லெக்ஸின் மனத்தில் பட்டதோ வேறு: "என் புகழைக் கண்டு பொறாமைப்பட்டு வேண்டுமென்றே அழித்துவிட்டான்." பிறகு ஊர் மக்களின் பாராட்டைப் பெற அவன் பெரும் பெரும் திட்டங்களைச் செய்கிறான், தட்பவெப்பத்தை மாற்றும் கோபுரம், விரைந்து வளரும் விதைகள் என்று. ஒவ்வொன்றும் கட்டுமீறி ஆபத்தாகிறது. ஒவ்வொரு முறையும் அதே நண்பன் வந்து ஊரைக் காக்கிறான். உதவி ஒவ்வொன்றும் லெக்ஸுக்கு அவமானமாகத் தைக்கிறது. பகை முற்றுகிறது.

நேயர்களே! குப்பியைக் கவிழ்த்தது யார் கை? லெக்ஸின் கைதான். "என் கை தவறிற்று" என்ற மூன்று சொற்களை அவன் அன்று சொல்லியிருந்தால் கதையே இல்லை. அந்தச் சொற்களைச் சொல்ல இயலாத நெஞ்சம், பொறாமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அதை நண்பன் முகத்தில் கண்டது. கல்வியில் குறையில்லாத பிள்ளை இங்கே கெட்டான்.

இந்தக் கதையை எழுதியவர் ஜெர்ரி சீகல் என்பது மற்றொரு செய்தி. உரிமையை இழந்து, 1947-இல் வழக்குத் தொடுத்து, வேலையையும் இழந்த அவர், 1959-இல் அதே நிறுவனத்துக்குக் கூலிக்கு எழுதுபவராகத் திரும்பினார். தாம் படைத்த வீரனின் கதையில் தம் பெயர் போடும் உரிமைகூட அவருக்கு அப்போது இல்லை. நண்பன் என நம்பியவனால் தன் படைப்புப் பறிபோனதாக நினைத்துக் குமுறும் ஒரு சிறுவனை அவர் எழுதியபோது, அந்தக் குமுறல் இவ்வளவு உண்மையாக வந்து விழுந்ததில் வியப்பில்லை. 1975-இல்தான் சீகலுக்கும் ஷஸ்டருக்கும் ஆண்டு உதவித் தொகையும், படைத்தவர் என்ற பெயரும் கிடைத்தன.

தண்ணீர் கொடுத்த லூதர்

கெட்டவனுக்குள்ளும் நல்லவன் உறங்குகிறான் என்பதை 1963 அக்டோபர் தேதியிட்ட 'சூப்பர்மேன்' 164-ஆம் இதழ் காட்டிற்று. எட்மண்ட் ஹாமில்டன் எழுத, கர்ட் ஸ்வான் வரைந்த கதை அது. சூப்பர்மேனின் ஆற்றல் செல்லாத செஞ்சூரிய உலகம் ஒன்றுக்கு இருவரும் சமமாகப் போர் புரியச் செல்கிறார்கள். புழுதிப் புயலில் பிரிந்துவிட்ட லூதர் ஒரு நகரத்தை அடைகிறான். அந்த மக்களின் முன்னோர் விஞ்ஞானத்தில் சிறந்தவர்கள்; இவர்களோ அனைத்தையும் மறந்து, தண்ணீருக்குத் தவிக்கிறார்கள். லூதர் பழைய யந்திரங்களைப் பழுது பார்த்து இயக்குகிறான். நீரைத் தேடித் தருகிறான். மக்கள் அவனைத் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள்.

கிடைத்த நீர் போதாது என்று அவனுக்குத் தெரியும். போதிய நீரைக் கொண்டுவரச் சூப்பர்மேனால்தான் முடியும். ஆகவே, வெல்லக்கூடிய மற்போரில் லூதர் வேண்டுமென்றே தோற்கிறான். அவனைச் சிறைக்குக் கொண்டு செல்லும் வழியில் சூப்பர்மேன் பெரும் பனிப்பாறைகளை அந்த உலகத்தை நோக்கி எறிகிறான். தன்னை நம்பியவர்களுக்காக லூதர் தன் வெற்றியைத் துறந்த அந்த ஓரிடத்தைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பின்வந்த கதைகளில் அந்த உலகத்துக்கு லெக்ஸர் என்று அவன் பெயரே சூட்டப்பட்டது. அங்கே அவனுக்கு மனைவி வாய்த்தாள்; மகன் பிறந்தான். 1983 ஜூன் தேதியிட்ட கதையில், அந்த உலகின் உட்கோளாற்றால் அது வெடித்துவிடாதிருக்க அவனே ஒரு கருவி செய்து நிறுத்துகிறான். அத்தோடு அமைதியாக வாழ்ந்திருக்கலாம். பழைய பகை விடவில்லை. போர்க் கவசம் பூண்டு சூப்பர்மேனோடு மோதுகிறான். அவன் ஏவிய கதிர் சூப்பர்மேன்மீது பட்டுத் தெறித்து, அவனே செய்த காவற்கருவியைத் தாக்குகிறது. உலகம் வெடித்துச் சிதறுகிறது. மனைவி, மகன், நம்பிய மக்கள் அனைவரும் மாண்டனர். அப்போதும் லூதர், "சூப்பர்மேன் செய்த கொடுமை இது" என்றே எண்ணுகிறான். ஸ்மால்வில் சிறுவனின் வழுக்கையிலிருந்து ஓர் உலகத்தின் அழிவு வரை, அவன் கணக்கில் பற்று முழுவதும் பிறர் பெயரிலேயே எழுதப்பட்டது.

ஒரு சிறுவனின் கேள்வி

எங்கள் குடியிருப்பில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் இக்கதைகளைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "மாமா, லூதர் எல்லாத்தையும் படிச்சுக் கண்டுபிடிக்கிறான். சூப்பர்மேனுக்கு எல்லாம் பொறந்தப்பவே வந்தது. அப்போ படிக்கிறவன் கெட்டவனா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. உழைத்துக் கற்றவனைத் தீயவனாகவும், பிறப்பால் வலிமை பெற்றவனை நல்லவனாகவும் காட்டும் கதையைப் படிக்கும் பிள்ளை, ஆய்வுக்கூடத்தையே சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினால் அது நாட்டுக்கு நல்லதன்று. ஆகவே அவனுக்கு நான் சொன்ன விடையை இங்கே எழுதுகிறேன்.

சூப்பர்மேனின் தந்தை ஜோர்-எல் ஒரு விஞ்ஞானி. கிரிப்டன் உலகம் வெடிக்கப் போகிறது என்று அவர் கண்டறிந்து சொன்னார். பெரியோர் சபை அவரை நம்பவில்லை. தம் குழந்தையை மட்டும் விண்கலத்தில் ஏற்றி அனுப்பினார். விஞ்ஞானியின் சொல்லைக் கேளாததால் ஓர் உலகம் அழிந்தது என்பதே இக்கதையின் தொடக்கம். அந்தக் குழந்தைக்கு வலிமை பிறப்பால் வந்தது. நற்குணமோ அவனை எடுத்து வளர்த்த கான்சாஸ் நாட்டுப்புறத்து விவசாயத் தம்பதியரால் வந்தது. லூதருக்கும் சூப்பர்மேனுக்கும் உள்ள வேறுபாடு படிப்பில் இல்லை. தன் ஆற்றல் யாருக்காக என்று ஒருவன் வீட்டில் கற்றுக்கொண்டான். மற்றவன் அதைக் கற்கவில்லை.

நம் தமிழ்ச் சித்திரக் கதையிலும் ஒப்பிட்டுக் காண ஒருவன் உண்டு. 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே வந்த இரும்புக்கை மாயாவியை நம் தந்தையர் தலைமுறை நன்கறியும். ஆங்கில மூலத்தில் 1962-இல் தோன்றிய அந்தப் பாத்திரம், ஒரு கையை இழந்த ஆய்வுக்கூட உதவியாளன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும். முதற் கதையில் அவனும் அந்த ஆற்றலைத் தீய வழிக்கே பயன்படுத்தினான். பிறகு திருந்திக் குற்றவாளிகளைப் பிடிப்பவனானான். வழி தவறியவன் திரும்பி வரலாம் என்பதற்கு அவன் சான்று. லூதர் திரும்பவில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து அரியணைக்கு

1986-இல் ஜான் பைர்ன் என்னும் எழுத்தாளர்-ஓவியர் சூப்பர்மேன் கதையைப் புதிதாகத் தொடங்கியபோது, லூதரும் மாறினான். கந்தல் ஆடைக் கைதி போய், வானளாவிய கட்டடத்தில் அமர்ந்த கோடீசுவர முதலாளி வந்தான். அறிவை விலைக்கு வாங்கும் நிலைக்கு அவன் உயர்ந்துவிட்டான்.

1987 தொடக்கத்தில் வந்த ஒரு கதையில், சூப்பர்மேன் யார் என்று கண்டறிய அவன் பெரும் பொருள் செலவிட்டு ஆராய்ச்சி நடத்துகிறான். கணினி சரியான விடையையே தருகிறது: கிளார்க் கென்ட் என்னும் சாதாரணப் பத்திரிகையாளனே சூப்பர்மேன். லூதர் நம்ப மறுக்கிறான். இவ்வளவு வல்லமை உள்ளவன் எளிய மனிதனாக வாழச் சம்மதிப்பானா? தன் நெஞ்சத்தை வைத்தே பிறர் நெஞ்சத்தை அளந்த அவன், விடை சொன்ன பெண் நிபுணரை வேலையிலிருந்து நீக்குகிறான். உண்மை கண்ணெதிரே வந்து நின்றும், அதைக் காணும் பணிவு இல்லாததால் அந்த மேதை ஏமாந்தான்.

சூப்பர்மேனை அச்சுறுத்த அவன் கிரிப்டனைட் பதித்த மோதிரம் ஒன்றை எந்நேரமும் அணிந்திருந்தான். மனிதருக்கு அதனால் தீங்கில்லை என்பது அவன் துணிபு. பின்வந்த கதைகளில் அந்தக் கதிர்வீச்சால் அவனுக்கே புற்றுநோய் கண்டது. கையை வெட்டி எடுக்க நேர்ந்தது. 2000-ஆம் ஆண்டுக் கதைகளில் அவன் தேர்தலில் நின்று அமெரிக்காவின் ஜனாதிபதியாகவே ஆகிவிட்டான்!

திரைப்படத்திலும் லூதர் பலமுறை வந்துவிட்டான். 1978-இல் ஜீன் ஹாக்மன் நடித்த படத்தில், பாலைவன நிலத்தை மலிவாக வாங்கிவிட்டு, ஏவுகணையால் கடற்கரையை மூழ்கடித்து, தன் நிலத்தையே புதிய கடற்கரையாக்கி விற்கப் பார்க்கிறான். மனை விற்பனையின் மகிமை அங்கேயும் உண்டு போலும்! 2025-இல் ஜேம்ஸ் கன் இயக்கிய படத்தில் நிக்கோலஸ் ஹோல்ட் நடித்த லூதர், தன்னைத் தின்னும் பொறாமையைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான்.

உண்மை உலகில்

இத்தகைய விஞ்ஞானி உண்மையில் உண்டா என்று கேட்டால், படக்கதையில் உள்ளபடி இல்லை என்றே சொல்லவேண்டும். வாழ்க்கை அவ்வளவு எளிதாகக் கோடு கிழிப்பதில்லை. ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் வழியைக் கண்டார். இன்று உலகில் கோடிக்கணக்கானோர் உண்ணும் உணவு, அவ்வழியில் செய்த உரத்தால் விளைகிறது. 1918-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே அறிஞர்தாம் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் குளோரின் நச்சுவாயுவைத் திறந்துவிடும் ஏற்பாட்டை முன்னின்று நடத்தினார். சில நாட்களில், தாமும் இரசாயனம் கற்றவராகிய அவர் மனைவி கிளாரா தம்மைத் தாமே சுட்டு மாண்டார். ஹேபர் லூதரைப் போல உலகை ஆள விரும்பியவர் அல்லர். நாட்டுக்குச் செய்யும் கடமை என்றே எண்ணினார். அதனால் அந்தக் கதை படக்கதையைவிட அதிகம் அஞ்சத்தக்கது.

மறுபுறம் ஜோசப் ராட்பிளாட் என்பவரைப் பாருங்கள். அணுகுண்டுத் திட்டத்தில் பணிபுரிந்த பௌதிக அறிஞர் அவர். ஹிட்லரிடம் அணுகுண்டு வராது என்று தெரிந்தவுடன், 1944 இறுதியில் திட்டத்தை விட்டு விலகினார். பின்னர் கதிர்வீச்சை மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அணு ஆயுத ஒழிப்புக்காக உழைத்தார். 1995-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. கற்ற கல்வி இருவருக்கும் பெரிது. எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று அறிந்தவர் ஒருவர்.

இன்னொன்றும் என் சிற்றறிவுக்குப் படுகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதிய கணக்கை மற்றொருவர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பிறகே அது மேலே செல்லும். விஞ்ஞான உலகிலும் ஒருவர் கண்டதை மற்றவர்கள் சோதித்துப் பார்த்த பிறகே ஏற்பார்கள் என்று படிக்கிறேன். லூதரின் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒருவரும் இல்லை. ஆசிரியர் இல்லை, மாணவர் இல்லை, "ஐயா, இது தவறு" என்று சொல்லும் தோழர் இல்லை. அடியாட்கள் மட்டும் உண்டு. நச்சு மோதிரத்தைக் கழற்றச் சொல்ல ஆளில்லாமற்போனதும் அதனால்தான்.

கடைசியில் கண்ட காட்சி

கிராண்ட் மாரிசன் எழுதி, ஃபிராங்க் குயிட்லி வரைந்த 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' என்னும் தொடர் 2005 முதல் 2008 வரை வெளிவந்தது. அதன் இறுதியில் லூதர் ஒரு நாளளவுக்குச் சூப்பர்மேனின் ஆற்றல்களைப் பெறுகிறான். புலன்கள் கூர்மையடைந்ததும், அணுவும் அண்டமும் உயிர்களும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை முதன்முறையாகக் காண்கிறான். சூப்பர்மேன் நாள்தோறும் காண்பது இதைத்தானா என்று உணர்ந்து கண்ணீர் விடுகிறான். ஆற்றல் தீர்கிறது. உலகைக் காத்திருப்பேன், நீதான் தடையாக இருந்தாய் என்று அவன் புலம்ப, மனம் இருந்திருந்தால் என்றோ செய்திருக்கலாமே என்ற பொருள்பட வீரன் விடை கூறுகிறான். ஏறக்குறைய எழுபது ஆண்டுக் கதைகளுக்கு ஒரே வரியில் எழுதிய தீர்ப்பு அது.

நம் பிள்ளைகள் பொறியியலும் மருத்துவமும் கணினியும் கற்று மேன்மை பெறவேண்டும். அதற்காகத்தான் நாம் ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கிறோம். மதிப்பெண் குறைந்தால் கேட்பதுபோல, தோழனுக்குப் பரிசு கிடைத்தபோது கை தட்டினாயா என்றும் கேட்போம். தன் பிழையைத் தானே வந்து சொன்ன பிள்ளையை அந்தப் பிழைக்காக அடிக்காதிருப்போம். அன்று அடித்தால், அடுத்த முறை அவன் பிறர்மேல் பழி போடக் கற்றுக்கொள்வான். பிள்ளை கையில் படக்கதையைக் கண்டால் பிடுங்கி எறிய வேண்டாம். அருகில் உட்கார்ந்து, "குப்பியைக் கவிழ்த்தது யார், சொல் பார்ப்போம்?" என்று கேளுங்கள். அவன் சரியான விடை சொன்னால், அந்தப் பாடத்துக்கு நீங்களே முழு மதிப்பெண் போட்டுவிடலாம்.